மின்னஞ்சல் வாயிற்காவல்

தொலைவிலுள்ளாரோடு அளவளாவுதற்கு மக்கள் கண்ட வழிகளுள் கடிதம் மிகப் பழமையானது. அக்கடிதமே இக்காலத்தில் மின்னஞ்சல் என்னும் உருக்கொண்டு, கடல் கடந்த நாட்டிலுள்ள நண்பரிடத்தும் சில நொடிகளிற் சென்று சேர்கின்றது. கல்லூரியிற் சேர விழையும் மாணவரது விண்ணப்பமும், தேர்வு பற்றிய அறிவிப்பும், பழைய மாணவர் நலம் வினவி விடுக்கும் மடலும் இன்று இவ்வழியே வருகின்றன. ஆயின், நல்ல மடல் வரும் வாயிலிலேயே தீய மடலும் வருகின்றது. இரண்டனையும் பிரித்தறிந்து, நல்லதை உள்ளே விட்டுத் தீயதைப் புறத்தே நிறுத்தும் காவலை ஓர் அஞ்சல் சர்வரில் எங்ஙனம் அமைப்பது, அக்காவல் எவ்விடத்தில் வழுவக்கூடும் என்பனவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். சர்வர் என்பது பலருடைய கடிதங்களையும் வாங்கி வைத்து உரியவர்க்கு வழங்கும் கணினி. அதனை ஊர்த் தபால் நிலையம் போன்றதென்று கொள்க.

வாயில் திறந்திருந்த வரலாறு

1971-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பொறிவல்லாராகிய ரே டாம்லின்ஸன் என்பார், அர்ப்பாநெட் என்னும் கணினி வலையில் ஒரு கணினியினின்றும் மற்றொரு கணினிக்குக் கடிதம் விடுக்கும் முறையைக் கண்டனர். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட இன்று நாம் முகவரியின் நடுவே இடும் சுழிக்குறியும் அவர் தேர்ந்ததே. அக்காலத்தில் அவ்வலையிற் கலந்திருந்தோர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர். தொகையிலும் மிகச் சிலர். ஆதலின் வாயிலுக்குப் பூட்டு வேண்டுமென்று எவரும் கருதவில்லை. 1982-இல் ஜான் போஸ்டல் என்பார் வகுத்தெழுதிய எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிகளும் இந்நம்பிக்கையின்மேல் எழுந்தனவே. அவ்விதிகளின்படி, கடிதம் கொணரும் கணினி, 'இஃது இன்னார் விடுத்தது' என்று கூறும். வாங்கும் கணினி அதனை அங்ஙனமே ஏற்றுக்கொள்ளும். அக்கூற்று மெய்யோ பொய்யோ என்று ஆராய்தற்கு அவ்விதிகளில் இடமில்லை.

இந்நம்பிக்கைக்கு ஊறு விளைய நெடுநாள் ஆகவில்லை. 1978-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர், தம் சரக்கைப் பற்றிய விளம்பரமொன்றைச் சுமார் 400 பேர்க்கு ஒருசேர விடுத்தனர். எவரும் வேண்டாதிருக்க வந்து குவியும் இத்தகைய அஞ்சலுக்கு ஸ்பாம் என்று பெயர். யாம் அதனை 'வேண்டா அஞ்சல்' என்போம். இது பொழுதையும் இடத்தையும் கவர்வதோடு நின்றது. பின்னர்த் தோன்றியவையோ பெருந்தீங்கு இழைத்தன. 1999 மார்ச்சில் பரவிய மெலிஸ்ஸா என்னும் வைரஸ், வேர்டு என்னும் எழுத்துக் கருவியின் கோப்பில் ஒளிந்து வந்து, திறந்தவருடைய முகவரிப் புத்தகத்திலுள்ள முதல் 50 பேர்க்குத் தன்னைத் தானே விடுத்துக்கொண்டது. 2000 மே மாதத்திலோ, 'நான் உன்னைக் காதலிக்கின்றேன்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் தலைப்பிட்ட கடிதமொன்று பிலிப்பைன்ஸ் நாட்டினின்றும் கிளம்பி உலகெங்கும் பரவிற்று. அதனோடு இணைந்த கோப்பின் பெயர் 'டி.எக்ஸ்.டி.' என்று முடிவதுபோலத் தோன்றும். வெற்றெழுத்தென்று நம்பி அதனைத் திறப்பர். மெய்யில் அதற்குப் பின்னும் 'வி.பி.எஸ்.' என்றொரு வால் உண்டு. அது கட்டளைக் கோப்பு என்பதற்கு அறிகுறி. விண்டோஸ் கணினிகள் அவ்வாலை மறைத்துக் காட்டினமையால் கண்டோர் ஏமாந்தனர். இங்கிலாந்தின் பாராளுமன்றக் கீழவையும் தன் அஞ்சல் அமைப்பைச் சிறிது நேரம் மூடவேண்டியதாயிற்று. வெளுத்ததெல்லாம் பாலன்று என்னும் பழமொழியை உலகம் அன்று புதிதாய்க் கற்றது.

வாயிலில் நிகழும் உரையாடல்

காவலை எங்கு வைப்பதென்று அறிய, கடிதம் வரும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். வெளியிலுள்ள கணினி நம் சர்வரின் 25 என்னும் எண்ணுடைய வாயிலைத் தட்டுகின்றது. முதலில் தன் பெயரைச் சொல்லும். பின்பு விடுப்பவர் முகவரியையும், அதன்பின் பெறுபவர் முகவரியையும் சொல்லும். இறுதியிலேயே கடிதத்தை ஒப்பிக்கும். இவற்றுள் ஒவ்வொன்றிற்கும் நம் சர்வர் மூவிலக்க எண் ஒன்றால் விடை கூறும். 250 என்பது 'ஏற்றோம்' என்பதாம். 450 என்பது 'இப்பொழுது இயலாது. சற்றுப் பொறுத்து வருக' என்பதாம். 550 என்பது 'ஏலோம்' என்பதாம். கடிதம் முழுவதையும் வாங்கி 250 என்று கூறிய அக்கணத்தே, அதனை உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பு நம்முடையதாகின்றது. இதனை நன்கு நினைவிற் கொள்க. பின்னர் வருவன பலவும் இதனைப் பற்றி நிற்பன.

போஸ்ட்பிக்ஸ் என்னும் அஞ்சல் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வீட்ஸே வெனமா என்னும் அறிஞர் ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்திலிருந்த காலத்து இயற்றியது இது. 1998-இல் வெளிவந்து இன்றும் பலராலும் விலையின்றிப் பயன்படுத்தப்படுகின்றது. இதில் உள்ளே வருமுன்னரே செய்யத்தக்க ஆய்வுகள் பல உள. நம்மிடத்து இல்லாத ஒருவர்க்குக் கடிதம் வந்தால் அப்பொழுதே 550 என்று மறுத்தல் முதலாவது. வேண்டா அஞ்சல் விடுப்பனவென்று அறியப்பட்ட கணினிகளின் பட்டியல்களைப் பார்த்து மறுத்தல் இரண்டாவது. அறியாத கணினி முதன்முறை வருங்கால் 450 என்று சொல்லித் திருப்பியனுப்புதல் மூன்றாவது. முறையான சர்வர் சில நிமிடங்களில் மீண்டும் வரும். பல்லாயிரம் பேர்க்கு ஒருங்கே எறிந்து செல்லும் கள்ள நிரலோ பெரும்பாலும் மீண்டு வருவதில்லை. இவ்வுபாயத்தால் முதற்கடிதம் சிறிது தாமதித்து வரும் என்பது குறைபாடு.

விடுப்பவர் பெயர் மெய்யோ என்று ஆராயும் முறைகளும் பிற்காலத்தில் தோன்றின. ஒரு நிறுவனம், 'எம் பெயரால் கடிதம் விடுக்க உரிமையுடைய கணினிகள் இவை' என்று உலகறியப் பதிந்து வைப்பது எஸ்.பி.எப். எனப்படும். கடிதத்தின்மேல் கணித முத்திரையிடுவது டி.கே.ஐ.எம். எனப்படும். இவ்விரண்டும் பொருந்தாதபோது யாது செய்க என்று அந்நிறுவனமே அறிவித்து வைப்பது டிமார்க் எனப்படும். 2024 பிப்ரவரி முதல் கூகிள், யாஹூ ஆகிய நிறுவனங்கள் பேரளவில் அஞ்சல் விடுப்போர் இம்மூன்றனையும் மேற்கொள்ளவேண்டுமென்று விதித்துள்ளன. ஆகவே இவை நமக்கு வருவனவற்றைக் காத்தற்கேயன்றி, நாம் விடுப்பன பிறரிடம் சென்று சேர்தற்கும் இன்றியமையாதனவாயின.

உறையைப் பிரித்துப் பார்த்தல்

இக்காவலையும் கடந்து உள்ளே வருவனவற்றின் உட்பொருளை ஆராய்தல் வேண்டும். இதனைப் போஸ்ட்பிக்ஸ் தானே செய்யாது. அமாவிஸ் என்னும் இடையாளிடம் ஒப்பிக்கும். அதே கணினியில் 10024 என்னும் எண்ணுடைய உள்வாயிலில் அமாவிஸ் கடிதத்தை வாங்கி, ஆய்வு முடிந்தபின் 10025 என்னும் மற்றொரு வாயில் வழியே போஸ்ட்பிக்ஸிடம் திருப்பித் தரும். ஈண்டு அமைப்போர் இரண்டு செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். திரும்பி வரும் வாயிலில் 'மீண்டும் ஆய்க' என்னும் கட்டளை இருத்தலாகாது. இருப்பின் கடிதம் செக்குமாடுபோல் அவ்விரண்டிற்குமிடையே சுற்றும். அவ்வாயில் அக்கணினிக்குள்ளிருந்து வருவனவற்றையே ஏற்றல் வேண்டும். வெளியார்க்குத் திறந்திருப்பின், முன்வாயிலில் எத்துணைக் காவல் வைத்தும் பயனில்லை.

அமாவிஸ் செய்வது யாதெனின், மூட்டை அவிழ்த்தலாம். 1992-இல் வகுக்கப்பட்ட மைம் என்னும் முறையால் படமும் ஒலியும் கோப்பும் கடிதத்தோடு இணைந்து வருகின்றன. அவை மூன்று பைட்டுகளுக்கு நான்கு எழுத்தாக மாற்றி எழுதப்பட்டிருக்கும். அவ்வெழுத்துகளை மீண்டும் பழைய வடிவிற்குக் கொணர்ந்து, சுருக்கப்பட்ட கோப்பாயின் விரித்து, அதனுள்ளும் வேறு சுருக்கமிருப்பின் அதனையும் விரித்து, ஒவ்வொன்றின் இயல்பையும் பார்க்கும். பெயரை நம்பாமல் உள்ளமைப்பைக் கொண்டே கோப்பின் வகையை அறிதலால், படமென்று பெயர் சூடி வரும் கட்டளைக் கோப்பும் இங்கு அகப்படும். இரட்டை வாலுடைய பெயர்களை அடியோடு விலக்கவும் விதி செய்யலாம். 2000-ஆம் ஆண்டுக் காதற் கடிதம் போன்றவற்றிற்கு இவ்வொரு விதியே போதிய காவலாம்.

விரிப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். '42.ஜிப்' என்று பெயர்பெற்ற கோப்பொன்று உளது. அதன் அளவு 42 கிலோபைட்டே. அடுக்கடுக்காக முழுவதும் விரிப்பின் 4.5 பெட்டாபைட், அஃதாவது 45 லட்சம் ஜிகாபைட் ஆகும். காவலனைத் திணறடித்து வீழ்த்தற்கென்றே செய்யப்படும் சூழ்ச்சி இத்தகையது. ஆகலின் இத்துணை அடுக்கு, இத்துணை அளவு, இத்துணை நேரம் என்று வரம்பு செய்து, அதனை மீறுவனவற்றை ஐயத்திற்குரியனவாகக் கொள்ளல் வேண்டும். கடவுச்சொல்லாற் பூட்டிய ஜிப் கோப்பை எந்தக் காவலனும் திறந்து பார்த்தல் அரிது. 2004-இல் பேகிள் என்னும் புழு, பூட்டிய கோப்பில் ஒளிந்துகொண்டு, கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதி வந்ததும் இதனாலேயே.

விரித்த கோப்புகளை வைரஸ் அறியும் மென்பொருள் ஒன்று பார்வையிடும். கிளாம் ஏ.வி. என்பது அவ்வகையில் விலையின்றிக் கிடைப்பது. முன்னர்க் கண்ட வைரஸ்களின் அடையாளங்களைத் தொகுத்து நினைவில் வைத்துக்கொண்டு, வருவனவற்றை அவற்றோடு ஒப்பிடுவதே அதன் தொழில். அத்தொகுதி ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கவருமாதலின், சிறு கணினியில் அமைப்போர் அதற்கேற்ப இடமளித்தல் வேண்டும். நாடோறும் பலமுறை புதிய அடையாளங்களைக் கொணரும் துணைநிரல் தடையின்றி ஓடுகின்றதா என்று பார்த்தலும் கடமை. பழைய அடையாளத்தோடு நிற்கும் காவலன், இறந்துபோன கள்வரின் படங்களைக் கையிற் கொண்டு நிற்பவனை ஒப்பான்.

மதிப்பெண் முறை

வைரஸை அடையாளங் காண்பது ஒருவாறு எளிது. வேண்டா அஞ்சலை அறிவதோ அரிது. ஒருவர்க்கு வேண்டாதது மற்றொருவர்க்கு வேண்டுவதாகலாம். தீய சொற்களைப் பட்டியலிட்டு, அவை வரும் கடிதங்களை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். 1996-இல் ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க நிறுவனம் அங்ஙனமே செய்தது. இங்கிலாந்திலுள்ள ஸ்கந்தார்ப் என்னும் ஊரினர் தம் ஊர்ப்பெயரைக் குறித்துக் கணக்குத் தொடங்க இயலாது திகைத்தனர். அப்பெயரின் நடுவே நான்கெழுத்து இழிசொல் ஒன்று தற்செயலாய் அமைந்திருந்ததே காரணம். ஒரு சொல்லைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் எத்துணைப் பேதைமை என்பதற்கு இஃதொரு சான்று.

2001-இல் தோன்றிய ஸ்பாம் அஸாஸின் என்னும் மென்பொருள் இதனினும் நிதானமான வழியைக் கொண்டது. அது நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளைச் செய்து, ஒவ்வொன்றிற்கும் மதிப்பெண் இடும். தலைப்பு முழுதும் பேரெழுத்தாயிருந்தால் ஒரு சிறு கூட்டல். விடுத்த கணினி ஐயப்பட்டியலில் இருந்தால் ஒரு பெருங்கூட்டல். முத்திரை செவ்வையாயிருந்தால் ஒரு சிறு கழித்தல். கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் வேண்டா அஞ்சல் என்று குறியிடும். இவ்வெல்லையை நாம் மாற்றிக்கொள்ளலாம். எந்த ஒரு குறியும் தனித்து நின்று குற்றஞ்சாட்டாமல், பல சேர்ந்தே தீர்ப்பாதல் இதன் சிறப்பு.

இதனோடு கற்றறியும் உறுப்பொன்றும் உண்டு. ஆங்கில நாட்டுக் குருமாராகிய தாமஸ் பேயஸ் என்பார் எழுதிவைத்து, அவர் மறைந்த பின்னர் 1763-இல் வெளிவந்த நிகழ்தகவுக் கட்டுரை இதற்கு மூலம். கண்ட சான்றைக் கொண்டு காணாத காரணத்தின் வாய்ப்பைக் கணிப்பது அக்கொள்கை. 2002-இல் பால் கிரஹாம் என்பார் வேண்டா அஞ்சலைப் பிரித்தற்கு இம்முறையை எடுத்துரைத்தபின் அது எங்கும் பரவியது. நல்ல கடிதங்கள் இவை, தீயன இவை என்று நாம் பிரித்துக் காட்டினால், எச்சொல் எதில் மிகுதியாக வருமென்று அது கணக்கிட்டுக்கொள்ளும். இரு வகையிலும் 200 கடிதமேனும் கற்றாலன்றி அது வாய் திறவாது. அக்கடிதங்களும் அவ்விடத்திற்கு வருவனவாகவே இருத்தல் வேண்டும். அயலார் கடிதங்களைக் கற்றது அயலார் மனப்பான்மையோடு நம் கடிதங்களை மதிப்பிடும்.

யாம் செய்த பிழை

ஈண்டு எம் பிழையொன்றனை மறையாது கூறுதல் கடமையெனக் கருதுகின்றோம். சில ஆண்டுகட்கு முன் ஒரு கல்வி நிலையத்து அலுவலகத்தின் அஞ்சற் காவல் எம் பொறுப்பில் இருந்தது. கடிதத்தின் மொழியை அறிந்து, நாம் குறிக்காத மொழியாயின் மதிப்பெண் கூட்டும் உறுப்பொன்று ஸ்பாம் அஸாஸினில் உளது. அயல்நாட்டு மொழிகளில் வேண்டா அஞ்சல் மிகுதியாக வந்தமையால், ஏற்கத்தக்க மொழி ஆங்கிலம் என்று மட்டும் குறித்து, அவ்வுறுப்பை யாம் இயக்கினோம். தமிழைச் சேர்க்க மறந்தோம்! தமிழ் அதன் பட்டியலில் உளது. சேர்ப்பதற்கு இரண்டெழுத்தே வேண்டும். எல்லையை மீறியவை யாவும் சிறைவைப்பு அறைக்குச் செல்லவும், 30 நாள் கழிந்தபின் தாமே அழியவும் ஏற்பாடு செய்திருந்தோம். வேண்டா அஞ்சல் பாதியாகக் குறைந்ததென்று அலுவலகத்தார் எம்மைப் பாராட்டவும் செய்தனர்.

மூன்று வாரங் கழித்து ஒரு பெரியவர் கிராமத்தினின்றும் நேரில் வந்தார். அறுவடைப் பணம் வரச் சில நாளாகும். மகளின் கட்டணத்திற்குத் தவணை வேண்டும் என்று, கடைசி நாளுக்கு முன்னரே, தெரிந்தவர் ஒருவரது கணினி வழியே தமிழிற் கடிதம் விடுத்திருந்தார். விடை வாராமையால் பணத்தைத் திரட்டிக்கொண்டு தாமே வந்தார். அதற்குள் அப்பெண்ணின் இடம் வேறொருவர்க்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. கடிதம் வரவேயில்லை என்றனர் அலுவலகத்தார். யாம் சிறைவைப்பு அறையைத் தேடினோம். கடிதம் அங்கே கிடந்தது. தலைப்பின்மை, இணைத்த படம், அறியாத முகவரி, அவற்றோடு தமிழ் என்னும் குற்றமும் சேர்ந்து எல்லையைத் தாண்டியிருந்தது. இன்னும் பத்து நாள் கழிந்திருப்பின் அதுவும் அழிந்து, அம்முதியவர் பொய்யராகவே எண்ணப்பட்டிருப்பார். "ஐயா, முடியாது என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாகாதா? அடுத்த பேருந்திலேயே வந்திருப்பேனே" என்று மட்டும் அவர் கூறினார். அப்பெண் ஓராண்டு காத்திருந்து மறு ஆண்டே சேர நேர்ந்தது.

தீர்ப்பை நிறைவேற்றல்

அவர் கேட்ட கேள்வியே இக்கலையின் நடுநாயகமான கேள்வி என்று யாம் பின்னர் உணர்ந்தோம். காவலன் இருவகையாற் பிழைப்பான்: தீயதை உள்ளே விடுவதொன்று, நல்லதைப் புறத்தே நிறுத்துவதொன்று. முன்னதைப் பெறுபவர் கண்டு நீக்கிக்கொள்ளலாம். பின்னதையோ எவரும் அறியார். விடுத்தவர் சேர்ந்ததென்று கருதியிருப்பர். பெறுபவர் வந்ததென்றே அறியார். ஆதலின் ஓசையின்றி மறுத்தலே பிழைகளுள் கொடியது.

அங்ஙனமாயின், நிறுத்திய ஒவ்வொன்றிற்கும் விடுத்தவர்க்கு மறுமொழி அனுப்பிவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. 2003 ஆகஸ்டில் பரவிய சோபிக் என்னும் புழு பிறர் முகவரிகளைப் பொய்யாகத் தரித்து வந்தது. வைரஸ் கண்ட சர்வர்கள் பலவும் அப்பொய் முகவரிகளுக்கே, 'நீவிர் வைரஸ் விடுத்தீர்' என்று எழுதின. குற்றமற்றோர் பலர் அம்மறுமொழி வெள்ளத்தில் மூழ்கினர்.

இவ்விரு தீங்கிற்கும் நடுவே செல்லும் வழி ஒன்றுண்டு. 250 என்று கூறுமுன்னரே, உரையாடல் நிகழும்போதே ஆய்வை முடித்து, வேண்டாததாயின் அப்பொழுதே காரணத்தோடு 550 என்று மறுத்துவிடுதல் அது. கடிதம் நம் பொறுப்பில் வாராமையால் நாம் எவர்க்கும் எழுத வேண்டுவதில்லை. விடுத்தவர் மெய்யானவராயின் அவருடைய சர்வரே அவர்க்கு அறிவிக்கும். கள்ளனாயின் எவர்க்கும் தொல்லையில்லை. போஸ்ட்பிக்ஸில் மில்டர் என்னும் இணைப்பு முறையால் இதனைச் செய்யலாம். வரும் கடிதம் மிகுதியாயின் வாயிலில் நெரிசல் உண்டாகுமாதலின், அதற்குத் தக்க வலியுடைய கணினி வேண்டும்.

வைரஸ் உள்ளதென்று உறுதியானவற்றையும், மதிப்பெண் மிக உயர்ந்தவற்றையும் இங்ஙனம் வாயிலிலேயே மறுக்க. ஐயத்திற்கிடமானவற்றைத் தடுக்காது, குறியிட்டுப் பெறுபவரின் தனிப்பெட்டியிற் சேர்க்க. சிறைவைக்க நேருமாயின், 'உமக்கு வந்து நிறுத்தப்பட்டவை இவை' என்று நாடோறும் உரியவர்க்குப் பட்டியல் அனுப்புக. யாம் அந்நிகழ்ச்சிக்குப் பின் இவ்வாறே மாற்றியமைத்தோம். வேண்டா அஞ்சல் முன்னினும் சிறிது மிகுந்தது, அலுவலகத்தார் முணுமுணுத்தனர், எனினும் காணாமற்போன கடிதம் என்னும் குறை எழவில்லை.

சோதனையும் ஒழுக்கமும்

அமைத்த காவல் விழித்திருக்கின்றதா என்று பார்த்தற்கு மெய்யான வைரஸ் வேண்டுவதில்லை. ஐகார் என்னும் 68 எழுத்துத் தொடர் ஒன்று உளது. அதனால் எவர்க்கும் தீங்கில்லை. எனினும் வைரஸ் அறியும் மென்பொருள் யாவும் அதனை வைரஸாகவே கொள்ளும்படி வகுத்துள்ளனர். ஸ்பாம் அஸாஸினுக்கும் இத்தகைய சோதனைத் தொடர் ஒன்று உண்டு. இவற்றை வெளியிலிருந்து விடுத்துப் பார்க்க. தீயதைக் கொண்டு மட்டும் சோதித்தல் போதாது. தமிழில் எழுதிய எளிய கடிதமொன்றையும், தலைப்பில்லாக் கடிதமொன்றையும், படம் இணைத்த கடிதமொன்றையும் விடுத்து, அவை உரியவரிடம் செல்கின்றனவா என்று காண்க. யாம் முதல்நாளே இதனைச் செய்திருப்பின் ஒரு பெண்ணின் ஓராண்டு வீணாகியிராது.

பிறர் கடிதங்கள் தம் கையில் தங்கும் பொறுப்பாளர், அவற்றை வீணார்வத்தால் படித்தலாகாது என்பதையும் சொல்லி அமைகின்றோம். நிறுத்தும் விதிகள் இவை என்று பயன்படுத்துவோர் அனைவர்க்கும் முன்னரே அறிவித்தலும் வேண்டும். நம் மாணவருள் பலர் நாளை இத்தகைய வாயில்களில் காவலராக அமர்வர். எத்துணைத் தீமையைத் தடுத்தோம் என்று கணக்கிடுவதோடு, எவருடைய கடிதத்தைத் தடுத்தோம் என்றும் அவர்கள் நாடோறும் ஒருமுறை பார்ப்பாராக.